ஒன்று தசம் ஒன்று

ஹாம் ரேடியோக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வசனத்திலேயே எஸ்.டபிள்யூ.ஆர் வந்துவிடும். "உங்கட அன்ரனா எவ்வளவு காட்டுது?" "1.1." "அப்ப திறம்." கதை முடிஞ்சுது. அந்தத் 'திறம்' மேல் எனக்குக் கனகாலமாக ஒரு கோபம் இருக்கிறது. எழுதப்போனால் என்னுடைய மடைத்தனத்தையும் சேர்த்துத்தான் எழுதவேண்டி வரும். பரவாயில்லை.

இந்தப் பக்கம் வராத ஆக்களுக்காகக் கொஞ்சம். எங்கள் பெட்டி 50 ஓம் என்று எதிர்பார்த்துத்தான் சக்தியை வெளியே விடும். கேபிளும் 50 ஓம். மேலே இருக்கிற அன்ரனாவும் 50 ஓமாக இருந்தால் வந்ததெல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஒரு பங்கு திரும்பி வரும். மீற்றர் அந்தத் திரும்பி வருவதைத்தான் அளக்கிறது. 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 3 என்றால் காற்பங்கு திரும்புகிறது. அவ்வளவுதான். 'திரும்பி வரவில்லை' என்பதும் 'போய்ச் சேர்ந்தது' என்பதும் ஒன்றா? சண்டைக் காலத்தில் ஊருக்குப் போட்ட கடிதம் திரும்பி வரவில்லை என்பதற்காக, அம்மாவின் கையில் கிடைத்துவிட்டது என்று நாங்கள் ஒருநாளாவது நம்பினோமா?

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி ரேடியோ கேட்ட தலைமுறை. அப்போது முற்றத்து மரத்தில் கட்டிய ஒரு செப்புக் கம்பி போதும். அளவும் இல்லை, ஓமும் இல்லை. சிற்றலையில் கேட்பதற்கு அது பெரிய பிழையும் இல்லை, ஏனென்றால் அங்கே வானத்து இரைச்சலே பெட்டியின் இரைச்சலை விட அதிகம். அனுப்பத் தொடங்கினால்தான் கணக்கு வேறு.

ஜேர்மனிக்கு 2007இல் வந்து, கோப்பை கழுவி, பிறகு இத்தாலியன் ரெஸ்ரோரன்ட் ஒன்றில் அடுப்படிக்கு ஏறி, 2018இல்தான் லைசென்ஸ் பரீட்சை எழுதினேன். கேள்விகள் முழுக்க முன்கூட்டியே வெளியே கிடைக்கும், பாடமாக்கலாம். கேபிள் இழப்புப் பற்றிய கேள்விக்கும் சரியாகத்தான் புள்ளடி போட்டேன். அதை மறக்கவேண்டாம், பிறகு வரும்.

வீட்டுக்காரரைக் கெஞ்சிப் பல்கனிக்கு மேலே இரண்டு மீற்றர் அலைக்கு ஒரு சின்ன அன்ரனா வைத்தேன். கேபிள் 25 மீற்றர், ஆர்.ஜி.58. தெரிந்த அண்ணை ஒருவர் தன் தோட்டத்துக் கொட்டிலில் கிடந்ததைச் சும்மா தந்தார். மீற்றரை வைத்தேன். 1.1. படம் எடுத்துச் சிநேகிதர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் 'திறம்' என்றார்கள்.

எங்கள் கடை திங்கட்கிழமை பூட்டு. அன்றிரவு இந்த வட்டாரத்து ஆக்கள் ரேடியோவில் கூடிக் கதைப்பார்கள். நான் 10 வற்றில் கூப்பிட்டேன். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த திங்களும் இல்லை. நான்கு மாதம். அவர்களை எனக்குக் கேட்டது, மெலிவாகத்தான், ஆனால் கேட்டது. அன்ரனா 1.1 காட்டுகிறது, பெட்டி புதிது. அப்போ பிழை எங்கே? நான் கண்டுபிடித்த விடை என்ன தெரியுமோ? என்னுடைய உச்சரிப்பு. என்னுடைய பெயர். பதினொரு வருடம் இந்த நாட்டில் கவுண்டர்களுக்கு முன்னால் நின்றவனுக்கு அந்த விடை தேடவே தேவையில்லை, நாக்கு நுனியிலேயே இருக்கும். நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் கதைக்கிற ஒரு பெரியவரைக் கடையில் கண்டபோது தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

2020இல் கொரோனாவால் கடை பூட்டியிருந்த நேரம் நானோ வி.என்.ஏ என்கிற சின்ன அளவுக் கருவியை வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும். ஒருகாலத்தில் ஆய்வுகூடங்களில் மட்டும் இருந்த வேலையை ஐம்பது யூரோ அளவில் செய்கிறது. முதலில் அதற்குத் திறந்த முனை, குறுக்கிட்ட முனை, 50 ஓம் முனை மூன்றையும் காட்டிப் பழக்கவேண்டும். பிறகு மேலே ஏறி அன்ரனாவைக் கழற்றி, கேபிள் நுனியை வெறுமனே திறந்து விட்டேன். நுனியில் ஒன்றுமில்லை, போவதெல்லாம் திரும்பி வரவேண்டும். நல்ல கேபிளென்றால் எண் கன்னாபின்னாவென்று ஏறவேண்டும்.

கீழே வந்து பார்த்தால் 145 மெகா ஹேட்ஸில் 1.2.

அன்ரனாவே இல்லாமல் 1.2! திரும்பி வந்தது 20 டெசிபெல் குறைந்து வந்தது. அது போய்வந்த கணக்கு, ஒரு வழிக்குப் பாதி, 10 டெசிபெல். அதாவது பத்தில் ஒன்று. நான் அனுப்பிய 10 வற்றில் மேலே போனது 1 வற். மிச்சம் 9 வற்றும் கேபிளைச் சூடாக்கியது. உறையை வெட்டிப் பார்த்தேன், உள்ளே பின்னல் கறுத்து ஈரமாக இருந்தது. அதே கேபிள் புதிதாக இருந்திருந்தாலும் அந்த நீளத்துக்கு நாலைந்து டெசிபெல் போயிருக்கும், மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிற்றலையில் கீழ்ப்பட்டைகளுக்கு அதே ஆர்.ஜி.58 தாராளமாகக் காணும். இரண்டு மீற்றருக்கு அது உதவாது.

ஆகவே என்னுடைய கட்சி இது: கெட்ட கேபிள் கெட்ட அன்ரனாவை நல்லதாகக் காட்டும். மேலே 3 இருந்தாலும் நடுவில் 4 டெசிபெல் விழுங்கினால் கீழே 1.5 தான் தெரியும். டம்மி லோட்டை மாட்டினால் 1.0 காட்டும், அடுத்த தெருவுக்கும் கேட்காது. கீழே ரியூனரை வைத்து 1க்குக் கொண்டுவந்தாலும் பெட்டிதான் சந்தோசப்படும், கேபிளுக்கும் அன்ரனாவுக்கும் நடுவில் உள்ள பொருத்தமின்மை அப்படியே இருக்கும். மாறாக, 80 மீற்றர் பட்டையில் 2ஐ 1.1 ஆக்கப் பனிக்குள் நின்று வயரை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அங்கே இழப்பு அரை டெசிபெல் அளவு, எதிர்முனையில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. வால்ரர் மக்ஸ்வெல் என்ற அமெரிக்கர் 1973இலிருந்து இதைத்தான் எழுதினார், 1990இல் புத்தகமாகவும் வந்தது. இன்னமும் சனம் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

புதிதாக வருகிற எங்கட பெடியளுக்கு நான் சொல்வது, பெட்டிக்கு முதல் கேபிளை அளவுங்கோ. நுனியைத் திறந்து விட்டு அளந்து, பாதியாக்கி, திகதியோடு ஒரு துண்டில் எழுதிக் கேபிளிலேயே கட்டி விடுங்கோ. அடுத்த வருடமும் அளவுங்கோ. சும்மா கிடைக்கிற கேபிளென்றால் இரண்டு தரம்.

நல்ல கேபிள் போட்ட அடுத்த திங்கள் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது. கடையில் நான் முகம் திருப்பின அதே பெரியவர். முன்பு சில இரவுகளில் இரைச்சலுக்குள் யாரோ கதைக்கிற மாதிரி இருந்தது, ஆரென்று பிடிக்க முடியவில்லை என்றார். நான் கடைக் கதையைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் இருக்கிறார். எல்லாருக்கும் வணக்கம் சொல்லுவார், என்னுடைய முறை வந்தால் பேசாமல் தாண்டிப் போவார். அவருக்கு நான் நன்றாகவே கேட்கிறேன், பக்கத்து ஊர்தான்.