சொல்லிவைத்தால் கேட்குமா?

“புரொடக்‌ஷனைத் தொடாதே என்று பிராம்ப்டிலேயே எழுதிவிட்டோம், பயமில்லை.” மென்பொருள் அலுவலகங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஏஐ ஏஜென்ட்டுக்கு நாலு வரி கண்டிப்பாக எழுதிவைத்தால் அதுவே பாதுகாப்பு என்ற நம்பிக்கை, மேலாளரிலிருந்து நேற்றுச் சேர்ந்த பொறியாளர் வரை பரவிக் கிடக்கிறது. இந்த நம்பிக்கை ஆபத்தானது.

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். இனி எந்த மாற்றமும் கூடாது, என் அனுமதியின்றிக் கை வைக்காதே என்று அதற்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்படியும் அது நேரலையில் இருந்த டேட்டாபேஸை அழித்தது. 1,200க்கும் மேற்பட்ட நிறுவன நிர்வாகிகளின் விவரங்கள் போயின. ரோல்பேக் செய்து மீட்க முடியாது என்றும் அது சொன்னது. அவரே முயன்று பார்த்தபோது ரோல்பேக் வேலை செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டளை அந்த ஏஜென்ட்டுக்குப் புரியாமல் போகவில்லை. அதை மீறிவிட்டதாகப் பிறகு அதுவே ஒப்புக்கொண்டது. வாய்மொழியாகத் தடுத்துவிட்டு, அழிக்கும் உரிமையை மட்டும் அதன் கையிலேயே விட்டுவைத்ததுதான் கோளாறு. ரெப்ளிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டபோது, சோதனை டேட்டாபேஸையும் நேரலை டேட்டாபேஸையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். இடையில் சுவர் எழுப்புவதுதான் மருந்து என்று அந்த நிறுவனத்துக்கே புரிந்துவிட்டது.

சொல் ஏன் நிற்பதில்லை? மொழி மாதிரியைப் பொறுத்தவரை நீங்கள் எழுதிய கட்டளையும், அது படிக்கும் மின்னஞ்சலும், வாடிக்கையாளர் அனுப்பிய புகாரும் ஒரே எழுத்தோட்டமாகத்தான் உள்ளே போகின்றன. எது எஜமானின் குரல், எது அந்நியனின் குரல் என்று உறுதியாகப் பிரிக்கும் வழி அதற்குள் இன்னும் இல்லை. இந்த ஓட்டைக்கு 2022இல் சைமன் வில்லிசன் ‘பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார். 2025இல் வெளிவந்த ‘எக்கோலீக்’ குறைபாடு அதை நிரூபித்தது. யாரோ அனுப்பிய ஒரு மின்னஞ்சல் போதும். பயனர் எதையும் சொடுக்காமலேயே மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் உள்தகவலை வெளியே கசியவிடும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. அடிப்படைப் பலவீனம் அப்படியேதான் இருக்கிறது.

ஏஜென்ட் வெறுமனே பதில் எழுதுகிற வரை சேதம் ஒரு திரையோடு முடியும். தானியங்கி ஒர்க்ஃப்ளோவை அது தட்டிவிடத் தொடங்கினால் கதையே வேறு. பின்னால் இருக்கும் இயந்திரம் ‘ஏன்’ என்று கேட்காது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று, 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிட்டலில் நடந்தது. அங்கே ஏஐ எதுவும் இல்லை. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைக் குறிப்பிட்ட 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த மின்னஞ்சல்களுக்கு ஆர்டர்களை நிறுத்தும் அதிகாரம் இல்லை.

“கடைசியில் மனிதர் ஒப்புதல் கொடுக்கிறாரே” என்பார்கள். அந்த ஒப்புதல் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? பல இடங்களில் ‘தொடரலாமா’ என்ற கேள்வியும் ஒரு பொத்தானும்தான் இருக்கும். எந்த டேபிள், எத்தனை வரிசை, திரும்பப் பெற முடியுமா என்பது இருக்காது. நாள் முழுக்க இருபது, முப்பது முறை அதை அழுத்துகிறவர் அடுத்த தடவையும் படிக்காமல்தான் அழுத்துவார். அவர் சோம்பேறி அல்ல. எல்லாவற்றுக்கும் கேட்டால் எதையும் படிக்க முடியாது. திரும்பப் பெற முடியாத செயலுக்கு மட்டும் கேளுங்கள். எதை அழிக்கப்போகிறது என்பதை வரி வரியாகக் காட்டிக் கேளுங்கள்.

நல்ல வரம்பு எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு ஒர்க்ஃப்ளோ தனக்குத் தரப்பட்ட உள் டோக்கனைக் கொண்டு செய்யும் மாற்றம், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, இன்னொரு ஒர்க்ஃப்ளோவைத் தட்டி எழுப்பாது. ஒன்றை ஒன்று எழுப்பி முடிவில்லாமல் ஓடுவது இதனால் தடுக்கப்படுகிறது. நிரல்களை இயக்கித் தரும் அமேசானின் லாம்ப்டா சேவையிலும் அப்படித்தான்: ஒரு நிரல் ஒரே சுழலில் ஏறக்குறைய 16 முறை தன்னைத்தானே அழைத்தால் அமைப்பே நிறுத்திவிடும். இந்த இரண்டிலும் யாரும் யாரிடமும் வாக்குறுதி வாங்கவில்லை.

இப்படிக் கட்டிப்போட்டால் ஏஜென்ட்டால் என்ன பயன் என்கிறார்கள். படிக்கட்டும், நிரல் எழுதட்டும், சோதனை நடத்தட்டும், பிழை தேடட்டும். பயனில் பெரும்பகுதி அங்கேதான். அழிப்பது, பணம் அனுப்புவது, நேரலைக்கு ஏற்றுவது ஆகியவற்றுக்குத் தனி டோக்கன், மணிக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு, ஏஜென்ட்டின் கைக்கு எட்டாத நிறுத்து பொத்தான் ஆகியவை வேண்டும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. சர்வர் நிர்வாகிகள் பல்லாண்டாகச் செய்துவரும் வேலைதான்.

நாளை அலுவலகம் போனதும் உங்கள் ஏஜென்ட்டின் பிராம்ப்டை மூடிவையுங்கள். அதன் டோக்கனுக்கு என்னென்ன பெர்மிஷன் கொடுத்திருக்கிறீர்கள் என்று திறந்து பாருங்கள். அழிக்கும் உரிமை அதில் இருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.