கத்துக்குட்டியாகும் உரிமை

நாற்பது வயதில் ஓர் ஆண் தூண்டில் வாங்கினால் அது பொழுதுபோக்கு. பிடித்த மீனை அவனே குழம்பு வைத்தால் அது கலை. ஊரைக் கூட்டிப் பரிமாறினால் சாதனை. கிராமத்து ஆண்கள் கூடிச் சமைக்கும் தமிழ் யூடியூப் சேனல் ஒன்று 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. அவர்கள் சமையலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதே மீனை அன்றாடம் ஆய்ந்து, அலசி, ஆக்கிப் போடும் பெண்ணின் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை என்பதே என் வழக்கு.

மீனைப் பொறுத்தவரை பெண்ணுக்கு இரண்டு கதவுகள் சாத்தப்பட்டிருக்கின்றன. அடுப்படியில் அவள் பிறவியிலேயே எல்லாம் தெரிந்தவள். ஆகவே கற்றுக்கொள்ள அவகாசம் இல்லை. தண்ணீரில் அவளுக்கு எந்த நாளும் வேலை இல்லை. ஆகவே கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. 'பொம்பளைக்கு மீன் ஆயத் தெரியாதா?' என்று கேட்கும் அதே வாய்தான் 'பொம்பளைக்கு வலை எதுக்கு?' என்றும் கேட்கிறது. இரண்டு கேள்விக்கும் நடுவே நாம் இழப்பது ஒன்று உண்டு. 'எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள்' என்று வெட்கமில்லாமல் போய் நிற்கும் உரிமை. கத்துக்குட்டியாக இருக்கும் உரிமை.

தண்ணீர் ஆண்களுடையது என்பது இயற்கையின் ஏற்பாடு அல்ல. பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடங்களைக் குலுக்கல் முறையில் பங்கிடும் 'பாடு' என்ற பழைய வழக்கம் இருக்கிறது. அதில் பங்கு ஆண்களுக்கு மட்டுமே. இது மனிதர்கள் போட்ட விதி. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இருளர் பெண்கள் வலையும் படகும் இல்லாமல் வெறும் கையால் இறால் பிடிக்கிறார்கள். பெண்ணுக்குத் தண்ணீர் ஆகாது என்பவர்கள் இவர்களை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

நெய்தல் திணையைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் நடத்தியவள் நான். நாற்பத்து மூன்று வயதில், கற்றுக்கொள்ள அந்தக் கழிமுகத்துக்குத்தான் போனேன். இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு தண்ணீர். இரண்டு கையும் அடிமண்ணைத் துழாவ வேண்டும் என்பதால் பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். "கண்ணால தேடாதம்மா, கையால தேடு" என்றார் எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை. சேற்றில் ஓர் உயிர் துள்ளும் அந்தக் கணத்தில், அது இறாலா, நண்டா, முள்ளால் குத்தும் கெளுத்தியா என்று விரல் முடிவுசெய்ய வேண்டும். மூன்று மணி நேரத்தில் எனக்குச் சிக்கியவை ஏழு இறால்கள். அதே நேரத்தில் அக்காவின் கூடை நிறைந்திருந்தது.

இதைத் 'திறன் தேவைப்படாத உடலுழைப்பு' என்று வகைப்படுத்துகிறவரை அந்தச் சேற்றில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்ல வேண்டும்.

ஆக்குவதும் அப்படித்தான். மடவையின் வயிற்றைக் கீறினால் உள்ளே கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் சேற்று வாடை போகும். புளிக்குழம்பு கொதித்துப் பச்சை வாசனை அடங்கிய பிறகே மீனைப் போட வேண்டும்; போட்டபின் கரண்டியை விடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். இதெல்லாம் பார்த்து, தொட்டு, தலைமுறைகளாகச் சோதித்துச் சேர்த்த அறிவு. இதைக் 'கைப்பக்குவம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாராட்டில் அவளுடைய மூளைக்கு இடமில்லை.

அறிவை மறுக்கிற சமூகம் வாடையை மட்டும் மறப்பதில்லை. நற்றிணையின் 45ஆம் பாடலில் தோழி, செல்வர் மகனான தலைவனிடம், நாங்கள் மீன் உணக்கிப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். அதை அடக்கம் என்று படிக்கப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு அது தன்மானமாகவே கேட்கிறது. எங்களுடையது சிறிய வாழ்க்கை என்றாலும் நல்ல வாழ்க்கை என்று அதே மூச்சில் சொல்கிறவள் அவள். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டி ஒருவர் நாற்றத்தைக் காரணம் காட்டிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பாடலில் தள்ளி நில் என்றவள் அவள். இன்று தள்ளி நில் என்று அவளுக்குச் சொல்கிறார்கள். உழைப்பின் வாடையை அருவருப்பாக்கியதில் ஆண் திமிரோடு சாதியும் சரிபாதி.

நான் விரும்பித் தண்ணீரில் இறங்கினேன். அக்கா பிழைப்புக்காக இறங்குகிறார். இரண்டும் ஒன்றல்ல. எனக்குக் கரையில் மாதச் சம்பளம் இருக்கிறது. அவருக்கு ஆறு மட்டும்தான். அந்த ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்தது. வலை போடுகிறவர் கருவி அழுக்காகிறது. கையால் பிடிக்கிறவள் உடம்பே அழுக்கில் ஊறுகிறது. அந்தத் தண்ணீர் செத்தால் அவர் விரல்களில் இருக்கும் அறிவும் சாகும். அதை எந்தப் பல்கலைக்கழகமும் மீட்டுத் தர முடியாது.

ஆகவே மாணவிகளே, உங்களுக்கு மீன் ஆயத் தெரியாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்க விரும்பினால் தெரிந்த பெண்ணிடம் போங்கள். அவரை ஆசிரியராக மதியுங்கள். அவருடைய நேரத்துக்குக் காசு கொடுங்கள். கற்க விருப்பமில்லையென்றால் அதையும் உரக்கச் சொல்லுங்கள். வீட்டில் தம்பிக்கும் கத்தி பிடிக்கக் கை இருக்கிறது. மீனவர் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம், கூடையைப் பல்லில் கவ்விக் கழுத்தளவு நீரில் நிற்கும் அந்தப் பெண்ணையும் அதற்குள் சேர்த்தே எழுதுங்கள்.