உல்லாஸ்நகர் சாமான்னா இளக்காரமா?

மும்பையில் நாலு வருஷம் குப்பை கொட்டிய எல்லோருக்கும் அந்த ஜோக் தெரிந்திருக்கும். 'மேட் இன் யு.எஸ்.ஏ' என்றால் அமெரிக்கா இல்லையாம், 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று அர்த்தமாம். செம்பூர் கடையானாலும் மாட்டுங்கா கடையானாலும் சாமான் மட்டமாக இருந்தால் "உல்லாஸ்நகர் மால்" என்று ஒரு உதட்டுச் சுழிப்பு. இத்தனைக்கும் 1949 ஆகஸ்டில் இந்த ஊருக்கு அடிக்கல் நாட்டியவர் நம்ம ராஜாஜி. அதற்கு முன் இது உலகப்போர் கால ராணுவ முகாம். அப்புறம் சிந்தி அகதிகள் வந்து பட்டறை பட்டறையாக எழுப்பிய ஊர்.

இங்கே வேலை பார்க்கும் எனக்கு இந்த இளக்காரம் ரொம்ப நாளாகவே உறுத்தல். அதைப் பற்றி எழுத வைத்தது கனடாவிலிருந்து வந்த ஒரு போன்.

பெரியப்பா மகன் டொராண்டோ பக்கம் இருக்கிறார். 1970களில் செய்த ஆறு சக்கர வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். சேற்றில் ஓடும், குளத்தில் இறக்கினால் மிதக்கும், டயர்களே துடுப்பு மாதிரி தண்ணீரைத் தள்ளும். அந்தக் காலத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பல கம்பெனிகள் இதைச் செய்தன. ஒண்டாரியோவில் 1967ல் தொடங்கிய ஆர்கோ நிலைத்தது, பல கம்பெனிகள் காணாமல் போயின. அண்ணன் வாங்கியது காணாமல் போன வகை. "ஸ்ப்ராக்கெட் பல்லெல்லாம் கொக்கி மாதிரி தேஞ்சிருக்கு தம்பி, அங்க யாராவது செஞ்சு தருவாங்களா, விசாரிச்சுச் சொல்லுடா" என்றார்.

இந்த வண்டியில் சக்கரம் திரும்பாது. இடது லீவரை இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் பிரேக் பிடிக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். கியர்பாக்ஸிலிருந்து அச்சுகளுக்குச் சக்தி போவது நம்ம பைக்கில் இருப்பது போன்ற ரோலர் செயின் வழியாக. ஒவ்வொரு திருப்பத்திலும் செயின் மேல் பலமான இழுப்பு. சேறும் தண்ணீரும் சீல் தாண்டி பேரிங்குக்குள் போனால் கதை முடிந்தது.

எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் தொழில் பழகி இங்கே வந்தவர். "பழசைப் பாத்து அப்படியே வெட்டிரலாமா அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார். "தேஞ்சதைப் பாத்து வெட்டுனா தேய்மானத்தையும் சேத்துல்ல சார் வெட்டுவோம். எத்தனை பல்லு, என்ன செயினு, அதை மட்டும் கேளுங்க" என்றார்.

50 நம்பர் செயின் என்றால் பிட்ச் 15.875 மி.மீ. அது உலகம் முழுக்க ஒரே அளவு. 18 பல் என்றால் 180ஐ 18ஆல் வகுத்து 10 டிகிரி, அதன் சைன் மதிப்பால் பிட்ச்சை வகுத்தால் 91.42 மி.மீ. ரோலர்களின் மையம் உட்காரும் வட்டத்தின் விட்டம் அதுதான். கம்பெனி செத்தாலும் கணக்கு சாகாது! அதோடு இன்னொன்றும் சொன்னார். செயினை விட்டுவிட்டு ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றக்கூடாது. நீண்டுபோன செயின் புதுப் பல்லைத் தின்னும், தேய்ந்த பல் புதுச் செயினைக் கெடுக்கும். பல்லை மட்டும் கடினப்படுத்த வேண்டும், நடுப்பாகம் கொஞ்சம் மிருதுவாக இருந்தால்தான் அதிர்ச்சி தாங்கும். செயினுக்கு அம்பத்தூர் டி.ஐ. டயமண்ட், கோயம்புத்தூர் ரோலான் என்று நம்ம ஊர்ப் பேரையே சொன்னார் :-)

இப்போது சொல்லுங்கள், இது டூப்ளிகேட்டா? என்னைக் கேட்டால் இல்லை. இன்னொருத்தன் முத்திரையைக் குத்தி அசல் என்று விற்பதுதான் டூப்ளிகேட். அது திருட்டு, உல்லாஸ்நகரில் செய்தாலும் திருட்டுதான். செய்தவன் கைவிட்ட பொருளுக்கு அளவெடுத்து, கணக்குப் போட்டு, "இது நான் செய்தது" என்று கொடுப்பது தொழில். ஒரே ஜோக்கில் இரண்டையும் கட்டிப் போட்டுவிட்டோம்.

இதில் எங்கள் வங்கித் துறைக்கும் பங்கு உண்டு. நான் படித்த காமர்ஸில் தேய்மானம் என்றால் வருமானவரிக்கு இயந்திரத்தில் வருஷம் 15 சதவீதம் கழிப்பது. பழைய லேத்தின் புத்தக மதிப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த லேத்தில் நிற்கிறவரின் கைக்குப் பேரேட்டில் வரியே கிடையாது. புது மெஷினுக்குக் கொட்டேஷன் கொண்டு வந்தால் கடன் ஃபைல் தானாக நகரும். பழைய மெஷினைப் புதுப்பிக்கக் கேட்டால் ஆயிரம் கேள்வி. அடமானம் இல்லாத கடனுக்கு 2000லிருந்து உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, 2015லிருந்து முத்ரா இருக்கிறது. குறை திட்டத்தில் இல்லை, மதிப்பிடும் கண்ணில். வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஆர்டர்களையும் கணக்கில் வரும் பணத்தையும் பார்த்துக் கடன் கொடுக்க நாம் பழக வேண்டும்.

"யாரோ கனடாக்காரன் பொழுதுபோக்கு, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். 2019 ஜூலை 27 ஞாபகம் இருக்கிறதா? இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வாங்கணி பக்கம் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகு வைத்து மீட்டார்கள். இப்போது நம் ராணுவத்திடம் ஏட்டார் என்1200 என்ற நீர்-நில வண்டிகள் 96 வாங்கப்பட்டிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் பஞ்சாப் வெள்ளத்தில் ஆட்களை மீட்டன. அது ஷெர்ப் வண்டியின் வழிவந்தது. அந்தக் குடும்பத்திலும் சக்கரத்துக்குச் சக்தி போவது செயின் வழியாகத்தான். இன்னும் பதினைந்து, இருபது வருஷத்தில் அந்தப் பற்களும் தேயும். அன்றைக்கு உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால், வெள்ளம் வரும்போது வண்டி ஷெட்டில் நிற்கும்.

அப்போது கணக்குப் போட்டுப் பல் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு. பையன் டெலிவரி வேலைக்குப் போகிறான், "லேத்துல என்னப்பா மரியாதை இருக்கு" என்கிறானாம். அவனுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? முதலில் அந்த ஜோக்கை நிறுத்துவோம். அப்புறம் கடன் ஃபைலை நகர்த்துவோம்.