பிக்கப் வண்டிகளுக்குப் பெரிய டயர் பூட்டுதல்

முன்னாளில் வண்டிச் சக்கரம் செய்விக்கும் குடியானவர், அச்சின் பருமனையும் குடத்தின் துவாரத்தையும் தச்சரோடு கூடவிருந்து ஒத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பார். அயலார் சக்கரம் அழகாயிருக்கிறதென்று அதைத் தம் அச்சில் மாட்டியவர் இலர். இப்பொழுதோ, நெல்லும் காய்கறியும் ஏற்றுவதற்கென வாங்கிய பிக்கப் வண்டிகளில், கம்பெனியார் கொடுத்த சக்கரங்களை நீக்கிவிட்டு, அகலமான அலாய் சக்கரங்களையும் பெரிய டயர்களையும் பூட்டும் வழக்கம் பரவி வருகிறது. இது சாகுபடிக்காரருக்கு நஷ்டமேயன்றி லாபமன்று.

டயர் பெரிதானால் மூட்டை அதிகம் ஏற்றலாம் என்பது தவறான அபிப்பிராயம். அச்சு, பட்டை வில், பிரேக்கு ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. பதிவுச் சான்றில் கண்ட எடை இதனால் ஒரு கிலோவும் உயராது.

சேற்றில் வண்டியின் அடிப்பாகம் தட்டாது என்பதில் சிறிது உண்மையுண்டு. ஆனால் கணக்குப் பார்த்தல் நலம். 215/75 ஆர்15 டயரின் குறுக்களவு சுமார் 703 மில்லிமீட்டர். 265/75 ஆர்15 டயரினுடையது சுமார் 778. வண்டி உயர்வது இவ்வித்தியாசத்தில் பாதி, அதாவது ஒன்றரை அங்குலமே. இதற்காக இழுவையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பாரத்துடன் வாய்க்கால் கரை ஏறும்பொழுது இது நன்றாய்த் தெரியும். பிரேக்கின் பிடிப்பும் அவ்வளவே குறையும். மேலும் வேகமானி 60 என்று காட்டுகையில் வண்டி 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓட்டுகிறவர் அதை அறியார்.

அகன்ற டயருக்கு அகன்ற சக்கரம் வேண்டும். அது வெளியே துருத்தி நிற்பின், நெம்புகோல் போல வேலை செய்து பேரிங்கைச் சீக்கிரம் கெடுக்கும். முழுதும் திருப்பினால் மட்கார்டில் உரசும். கடைகளில் கிடைக்கும் அலாய் சக்கரங்களுட் பல, கார்களுக்கென வார்க்கப்பட்டவை. கல் ரஸ்தாவில் குழியில் விழுந்தால் இரும்புச் சக்கரம் வளையும். இவை விரிசல் விடக்கூடும். நடவுக்குச் செல்லும் பெண்களைச் சரக்கு வண்டியில் ஏற்றுவதே சட்ட விரோதம். இத்தகைய சக்கரங்களை நம்பி ஏற்றுவதை என்னென்பது! கிராம அதிகாரிகள் இதைக் கண்டும் காணாதிருத்தல் தகாது.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ல் செய்த திருத்தத்தின்படி, சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேரின், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியாரும் நஷ்ட ஈட்டைத் தகராறு செய்ய இடமுண்டு.

சேற்று நிலத்துக்கு வழி வேறு. அதே அளவில், ஆழமான பூவுள்ள டயரை வாங்கலாம். அளவை அடுத்துப் பொறித்திருக்கும் பார எண்ணைக் கடையிலேயே பார்த்துக்கொள்க. 100 என்றால் டயர் ஒன்றுக்கு 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1,000. பழைய டயரின் எண்ணுக்குக் குறைந்ததை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்கலாகாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது அவசியம்.