கொழும்பும் நம் ஊரே

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், கொழும்பிலே முப்பது ஆண்டுகள் குடியிருப்பவரும் வடமராட்சி என்பார், மட்டக்களப்பு என்பார், பதுளை என்பார். கொழும்பு என்று விடையிறுப்போர் மிகச் சிலரே. இந்நகரம் நமக்கு உத்தியோகம் தந்தது. நம் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. நோயுற்ற வேளையில் மருந்தும் தந்தது. ஆயினும் அதனை நாம் 'இருக்குமிடம்' என்றே சொல்லி வருகின்றோம். இவ்வழக்கம் நம் இலக்கியத்தையும் பற்றிநிற்பதால் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

கொழும்பிலே நான் கொண்ட பற்று அதன் உயரத்தைக் கண்டு எழுந்ததன்று. ஏறத்தாழ 350 மீற்றர் உயரமுள்ள தாமரைக் கோபுரம் 2019ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அதனை அண்ணாந்து பார்ப்பதிலும், அதிகாலையிலே புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையின் நடையைப் பார்ப்பதே எனக்கு விருப்பம். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், செந்நிறமும் வெண்ணிறமும் வரிவரியாய் விளங்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம் ஆகிய யாவற்றையும் ஒரு காலைப் பொழுதிலே கால்நடையாகவே கண்டு வரலாம். அந்நடையிலே காதில் விழும் தமிழ்தான் எத்தனை வகை! யாழ்ப்பாணத்தார் பேச்சும், மலையகத்தார் பேச்சும், கிழக்கிலங்கையார் பேச்சும், முஸ்லிம் வணிகர் பேச்சும் ஒரே தேநீர்க்கடையின் ஒரே மேசையிலே கலந்து ஒலிக்கின்றன. கிராமத்திலே ஒருவன் தன் தமிழைக் கேட்கின்றான். கொழும்பிலேதான் பிறர் தமிழையும் கேட்கின்றான். மொழி மாணவனுக்கு இதனினும் சிறந்த பாடசாலை ஏது?

காலிமுகத்திடலிலே ஒரு நினைவுக்கல் உண்டு. 1859ஆம் ஆண்டு அவ்வுலாவழியை அமைத்து முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலங் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்ட செய்தி அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆட்சி மாறிற்று; அத்திடலின் அருகே கடலை நிரப்பிப் புதுநிலமே எழுந்துவிட்டது. ஆயினும் மாலையிலே இறால் வடை வாங்கித் தின்று, பட்டம் விட்டுக் களிக்கும் ஏழைச் சிறுவனுக்கு அத்திடல் இன்றும் உரியதாகவே இருக்கின்றது. பணம் படைத்தோர்க்கு மாத்திரம் உரியதாகிவிடாத ஓர் இடம் உள்ளவரை ஒரு நகரம் உயிரோடிருக்கின்றது என்பேன்.

"1958ஐயும் 1977ஐயும் 1983ஐயும் மறந்து இந்நகரை நேசிப்பதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த தெருக்கள் இவை. உயிருக்கஞ்சிக் கப்பலேறியோர் பலர். தம் உயிரையும் பொருட்படுத்தாது அயலவரை ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் வாழ்ந்ததும் இதே தெருக்களிலேதான். இவ்விரண்டையும் மறவாதிருப்பதற்கே இந்நகரை நமதென்று கொள்ள வேண்டும். நமதல்லாத வீட்டின் சுவரிலே விழுந்த விரிசலை யார் குறித்து வைப்பார்? உரிமை பாராட்டாதவன் முறையிடும் உரிமையையும் இழக்கின்றான்.

நகரைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. மதுரையின் பகலங்காடியையும் இரவங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிலே வந்து குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து வந்த உணவையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றது. நம் காலத்திலும் 1930இலே வீரகேசரியும் 1932இலே தினகரனும் தோன்றியது கொழும்பிலேதான். 1942இலே தமிழ்ச் சங்கம் எழுந்ததும் இங்கேதான். ஈழத்துச் சிறுகதைகள் பல இந்நகரத்து அச்சகங்களிலேயே அச்சேறின. ஆயினும் அக்கதைகளுட் பலவற்றில் கொழும்பு மாதமுடிவிலே வரும் காசுக்கட்டளையாகவே தோன்றுகின்றது. கதாநாயகன் விடுமுறை கிடைத்ததும் விட்டோடும் வாடகை அறையாகவே நின்றுவிடுகின்றது. கொழும்பை உள்ளன்போடு எழுதியோர் இல்லையென்று சொல்லேன். அவர்கள் போதாதென்றே சொல்கின்றேன். இந்நகரிலே ஓடிய திராம் வண்டி 1960இலே நின்றது. அதிலே பயணஞ்செய்தோரின் நினைவுகள் எழுதப்படாமலே அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'எனது ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்த பிள்ளையும் தான் காணாத வயலையும் வாய்க்காலையும் வருணித்துப் புள்ளி பெறுகின்றது. அப்பிள்ளை தன் தொடர்மாடி வீட்டையும், மாடிப்படியிலே எதிர்ப்படும் அயலாரையும், மழைநாளில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையையும், ஐந்துலாம்புச் சந்தியின் இரைச்சலையும் எழுதட்டும். அதற்கும் புள்ளி கொடுங்கள். பெற்றோரின் ஊரை அப்பிள்ளை மறக்க வேண்டியதில்லை. ஒருவனுக்கு இரண்டு ஊர் இருப்பது குற்றமன்று. நாளை ஒருவர் "எந்த ஊர்?" என்று வினவும்போது தயங்காமல் "கொழும்பு" என்று சொல்லும் ஒரு தலைமுறை நம்மிடையே வளர்ந்து வருகின்றது. அதன் இலக்கியமும் அதனோடு வளர வேண்டும்.