பீச்சாங்கைப் பிள்ளையும் செதில் தின்னும் மீனும்

நாலு வயசுப் பையனைக் கூட்டிக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. காய்ச்சல் இல்லை, சளி இல்லை.

"சார், இவன் எல்லாத்துக்கும் பீச்சாங்கையைத்தான் நீட்டுறான். சோத்துக் கைக்கு மாத்த மருந்து ஏதாச்சும் இருக்கா?"

வீட்டில் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணிக்கிறார்களாம். இப்போ பையன் பென்சிலைக் கண்டாலே ஒளிஞ்சுக்கிறானாம்.

அந்த அம்மாவுக்கு ஒரு மீன் கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் பெரிசோடஸ் மைக்ரோலெபிஸ் என்றொரு மீன் இருக்கிறது. மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. பின்னாலிருந்து பதுங்கி வந்து விலாவில் ஒரு கடி!

இதன் வாய் நேராக இருக்காது. சிலதுக்கு வலப்பக்கம் கோணியிருக்கும், சிலதுக்கு இடப்பக்கம். வலப்பக்கம் கோணிய மீன் இரையின் இடது விலாவைக் கடிக்கும். இடப்பக்கம் கோணிய மீன் வலது விலாவை.

சரி, இதில் எந்த வாய் உசத்தி?

ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோ ஹோரி பல ஆண்டுகள் கவனித்து 1993ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். ரெண்டுமே உசத்தி இல்லை. ஒரு வகை பெருகினால், அது தாக்கும் பக்கத்தில் இரை மீன்கள் உஷாராகிவிடும். அப்போ குறைவாக இருக்கும் வகைக்கு நல்ல வேட்டை, அதன் வாரிசுகள் பெருகும். பிறகு நிலைமை மாறும். இப்படியே ஏறக்குறைய பாதிக்குப் பாதியாக ஏரியில் இரண்டும் வாழ்கின்றன என்பது அவர் விளக்கம்.

இன்னொரு விஷயம். தொட்டியில் வளர்த்துப் பார்த்தபோது, இந்த மீனின் குஞ்சுகள் ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் தாக்கின. தாக்கித் தாக்கிப் பழகித்தான் தன் பலமான பக்கத்தைக் கண்டுபிடித்தன.

மூளையும் இப்படித்தான், இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஸீப்ரா மீன் குஞ்சின் மூளையில் ஹபெனுலா என்ற சிறு பகுதி இரண்டு பக்கமும் உண்டு. வெளிச்சம் பட்டால் இடப்பக்கமும், வாசனை வந்தால் வலப்பக்கமும் அதிகமாகத் தூண்டப்படுகின்றன.

மீனை வைத்து மனுஷனுக்குத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனா ஒரு பக்கம் சாய்வது குறைபாடு இல்லை, உயிர்களின் இயல்பு என்பது புரியும். மனிதர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர். நம்ம பிள்ளைகளும் தன் பலமான கையைத் தானே கண்டுபிடிக்கிறார்கள். அதைப் போய் ஏன் அடிச்சு மாத்தணும்?

ஒரு மருத்துவராக ஓர் எச்சரிக்கை மட்டும்.

ஒரு வயசுக்குள் குழந்தை இரண்டு கையையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தும். அந்த வயசுக்குள்ளேயே எப்பவும் ஒரே கையை நீட்டி, மறு கையை மடக்கியே வைத்திருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்க. மறு கையில் பலவீனம் இருக்கலாம். எந்த வயசிலும், நன்றாக இயங்கிய கை திடீரென்று இயங்காமல் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்க.

மற்றபடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான்:

- பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரச் சொல்லுங்க. முழங்கை இடிக்காது.

- எழுதும்போது நோட்டின் மேல்பகுதியை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கட்டும்.

- இடது கைக்கான கத்தரிக்கோல் வாங்கிக் கொடுங்க.

"அப்போ சாப்பாடு?"ன்னு அந்த அம்மாவும் கேட்டாங்க. இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவட்டும், எந்தக் கையில் வேணும்னாலும் சாப்பிடட்டும். கிருமிக்கு இடது வலது தெரியாது. பெரியவங்க முகம் சுளிச்சா அவங்ககிட்ட நீங்க பேசுங்க. பிள்ளை தலையில் அந்தச் சுமையை ஏத்தாதீங்க.

உங்க வீட்டுப் பிள்ளை இடது கையில் பென்சில் எடுத்தால், தயவுசெய்து பிடுங்காதீங்க. எழுதட்டும்.