மலைப்படமும் நமது கடமையும்

அண்மையில் வத்தல்மலைக்குத் தணிக்கைக் காரியமாகச் சென்ற நாம், பெரியூரிலிருந்து ஒரு காப்பித் தோட்டத்திற்கு வழி தேடிக் கைப்பேசியிலுள்ள படத்தைப் பார்த்தோம். தார்ச்சாலை இருந்தது. ஒற்றையடிப் பாதையோ, சுனையோ, ஓடையைக் கடக்கும் இடமோ அதில் இல்லை. மிளகு பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரே நமக்கு வழிகாட்டினார். அவர் அறிந்ததைப் படம் அறியவில்லை. இக்குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் சங்க அங்கத்தினர்களே என்பது நமது அபிப்பிராயம்.

மலைநாட்டிற்கு ஏற்றத்தாழ்வைக் காட்டும் படமே பயன்படும். 1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவைக்குப் பல தலைமுறைகளின் உழைப்புத் தேவைப்பட்டது. இன்றோ, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்களில் ரேடார் கொண்டு அளந்த உயரங்களை, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், எவரும் விலையின்றிப் பெறலாம். பாதைகளையும் ஊர்களையும் 2004-இல் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தில் தொண்டர்கள் குறித்து வருகின்றனர். இவ்விரண்டையும் க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளால் இணைத்தால், சமஉயரக் கோடுகளுடன் கூடிய மலைப்படம் உருவாகும்.

ஆயினும் விலையின்றிக் கிடைப்பதனாலேயே தரம் வந்துவிடாது. நெசவாளர் மொழியில் கூறுவதாயின், உயரம் பாவு. பாதையும் பெயரும் ஊடை. ஊடையின்றித் துணி ஏது? பாவிலும் பழுதுண்டு. அடர்ந்த மரங்களின் மேற்பரப்பை ரேடார் தரையென மயங்கும். நிழல்மரங்கள் நிறைந்த காப்பித் தோட்டங்களில் உயரம் பல மீட்டர் பிசகலாம். ஆகவே 20 மீட்டர் இடைவெளியில் கோடு வரைதல் பொருந்தும். 5 மீட்டருக்கு ஒன்றாக வரைந்தால் படம் அழகாயிருக்கும், உண்மையாயிராது. அதை நம்பி வாய்க்கால் வெட்டலாகாது.

“இது அரசாங்கத்தின் வேலையன்றோ?” என்பார் உளர். 1990-களின் தொடக்கத்தில் கேரளத்தின் கல்லியாசேரிப் பஞ்சாயத்தில், சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் முயற்சியால் உள்ளூர்த் தொண்டர்கள் அறிஞர்களுடன் கூடித் தம் நிலத்தையும் நீரையும் தாமே படமாக்கினர். அறிஞர் அளவை அறிவர். ஊரார் ஊரை அறிவர். இரண்டும் கூடியதே அதன் சிறப்பு.

நம் கணக்குப் புத்தகத்திற்குள்ள ஒழுங்கு படத்திற்கும் வேண்டும். நடந்து பார்க்காத பாதையைக் குறிக்கலாகாது. சுனையின் பெயரை இரு பெரியோரிடமேனும் கேட்டு எழுதுதல் வேண்டும். கோடையில் வற்றுவதாயின் அதனையும் குறித்தல் வேண்டும். தனியார் படங்களைப் பார்த்து எழுதுதல் களவேயாம். பட்டா எல்லை வருவாய்த் துறையின் பொறுப்பு. அதில் கை வைத்தால் வழக்கே மிஞ்சும். பொதுவில் வைத்ததை மீட்பது அரிதாதலின், தெய்வக்காடு முதலியவற்றை ஊர்க்கூட்டத்தின் இசைவின்றிக் காட்டலாகாது.

பொதுப்படத்தை எடுத்துத் திருத்தி வெளியிடுவோர், தம் திருத்தங்களையும் பொதுவுக்கே தரவேண்டும் என்பது அதன் விதி. இது கூட்டுறவுத் தத்துவமேயன்றி வேறன்று.

அடுத்த பொதுக்குழுவில் ஊருக்கு இருவராக இளைஞர்களைத் தேர்ந்தெடுங்கள். பெண்களும் அதில் இருக்கட்டும், சுனைக்கு நாள்தோறும் நடப்பவர் அவர்களன்றோ! நோயாளியைச் சுமந்து இறங்கும் நள்ளிரவில், சரியாகக் குறிக்கப்பெற்ற ஒரு பாதை ஓர் உயிரையே காத்தல் கூடும்.